வலப்பக்கம் மேலே

"கிமோனோ கட்டத் தெரியுமா?" என்று சினிமா உடைப் பிரிவின் தலைவி மிசாவா கேட்டதற்கு, வேலைக்குச் சேர்ந்த அன்றே இபுகி யோசிக்காமல் சொல்லிவிட்டாள், "நல்லாத் தெரியும் அக்கா." இருபது வயதில் வாய்க்கு வரியா போட்டிருக்கிறார்கள்? வீட்டுக்குப் போய் போனில் ஒரு வீடியோவை நாற்பது தடவை பார்த்து, தலையணைக்குக் கட்டிக் கட்டிப் பழகினாள். அந்த வீடியோவை எடுத்த புண்ணியவதி முன்பக்கக் கேமராவில் எடுத்துத் தொலைத்திருந்தாள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிக் கிடந்தது. இந்த அவசரக்குடுக்கை அதைக் கவனிக்கவே இல்லை.

படத்தில் இரண்டு கூலிக் கொலைகாரிகள். இருவருக்கும் இருபது வயதாகிறது. வயது வந்தோர் நாள் விழாவுக்கு நீளக்கை கிமோனோவில் சிங்காரித்துப் போய், விழா முடிந்த கையோடு ஒருத்தியை ஒருத்தி புரட்டி எடுக்கிறார்கள். சிச்சிபு என்ற மலையூரில் ஒரு பழைய விடுதியில், பல் கிட்டிப்போகும் ஜனவரிக் குளிரில் ஷூட்டிங். மிசாவா ஒரு நடிகைக்குக் கட்டப் போனார். இன்னொருத்தி ருரிகாவை இபுகியிடம் விட்டார்.

"நல்லா இறுக்கிக் கட்டுடி. நான் கதவை உடைச்சிட்டுப் பறக்கணும்" என்றாள் ருரிகா. டூப் வேண்டாமென்று தானே விழுகிறவள் அவள்.

கட்டி முடித்ததும் குளிருக்காக மேலே ஒரு பெரிய கோட்டு. கேமரா ஓடுவதற்கு முன்னால் அந்தக் கோட்டைக் கழற்றி வாங்கும்போதுதான் இபுகியின் கண்ணில் பட்டது. எதிரே நிற்கிற மற்ற நடிகையின் கழுத்துப்பட்டி ஒரு பக்கம் போகிறது, ருரிகாவுடையது மறுபக்கம் போகிறது. உயிரோடு இருப்பவர்களுக்குக் கிமோனோவின் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்துக்கு மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பெட்டியில் கிடத்துகிற பிணத்துக்கு. பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஐயோ, பாவி!

"ஒரு நிமிஷம்" என்றிருந்தால் போதும். அறுபது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"ஸ்டார்ட்!"

ருரிகா காகிதக் கதவைப் பிய்த்துக்கொண்டு பறந்து, தோள் தரையில் மோத விழுந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் உடனே எழவில்லை. பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி எழுந்தாள்.

மானிட்டரைப் பார்த்த மிசாவாவின் முகம் வெளுத்தது. டைரக்டரின் காதில் ஏதோ சொன்னார்.

"என்னது, பொணத்துக்குக் கட்டுற மாதிரியா? யாரு கட்டினது?"

ஐம்பத்தைந்து வயது மிசாவா அத்தனை பேர் முன்னாலும் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். "என் தப்புங்க. நான் ஒரு தடவை பார்த்திருக்கணும்."

இபுகி கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வேற கதவு மாட்ட ஒரு மணி நேரமாகும்" என்று பல்லைக் கடித்தார் டைரக்டர். "ருரிகா, திரும்ப விழ முடியுமாம்மா?"

"முடியும் சார்." தோளில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தாள் ருரிகா. "தப்பு யாருக்குத்தான் வராது? கட்டு ஒரு துளிகூட நெகிழலை சார். இபுகியே திரும்பக் கட்டட்டும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த நல்ல வார்த்தையை இபுகியால் தாங்க முடியவில்லை.

"எனக்குக் கட்டத் தெரியாது. பொய் சொல்லித்தான் சேர்ந்தேன். மிசாவா அக்கா மேல தப்பே இல்ல. தப்பாக் கட்டியிருக்கேன்னு டேக்குக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

தெரியாது என்றதும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்ததைக் கேட்டதும் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

"முன்னாடியேவா?" என்றாள் ருரிகா. "நான் விழுறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

ருரிகா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். "அக்கா, நீங்க கட்டிவிடுங்க."

மிசாவா இடுப்புப் பட்டையை அவிழ்த்தார். கையைத் தூக்கச் சொன்னபோது ருரிகாவால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

"இபுகி, இங்க வா. இந்தக் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கோ."

பிடித்தாள். அடுத்து விழுவதற்காகக் கட்டி முடிகிறவரை அந்தக் கை வலியில் நடுங்கிக்கொண்டே இருந்தது, ருரிகா அவள் பக்கம் திரும்பவே இல்லை.