எண்கோண வீட்டில் கையகல மஞ்சள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு முக்கோண அறையில் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். விஸ்கான்சினில் எங்கள் ஊரான ஆல்டர்ஃபோர்டில் டிசம்பர் வந்தால் பழைய வீடுகளைத் திறந்து காட்டுவார்கள். காலணிக்கு மேல் காகித உறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் அடுத்தவர் படுக்கையறையைக் கூச்சமில்லாமல் எட்டிப் பார்க்கலாம். நான் ஆண்டு தவறாமல் போகிறேன். கேட்பவர்களிடம் கட்டடக் கலையில் ஆர்வம் என்பேன். உண்மையில், அந்த மாதத்தில் எனக்குப் பேச ஆள் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

எண்கோண வீட்டில்* மாடிப்படிக்குப் பக்கத்தில் அந்தச் சிற்றறை. சுவர் முழுக்கச் சாம்பல் கலந்த பச்சை. ஜன்னலுக்குக் கீழே மட்டும் கையகலத்துக்கு மஞ்சள். அது என்ன என்று வழிகாட்டியைக் கேட்டேன். "அதுவா? ஒண்ணுமில்ல. பெயிண்ட் சுரண்டிப் பாத்த இடம்" என்றுவிட்டுக் கூட்டத்தை அடுத்த அறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

(* ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் இந்த நாட்டில் சிலருக்கு அந்தப் பித்து பிடித்தது. எட்டுப் பக்கம் சுவர் வைத்தால் வெளிச்சம் கூடும், நோய் குறையும் என்று நம்பிக் கட்டினார்கள். உள்ளே சதுர அறைகளை அடுக்கியபோது ஓரங்களில் முக்கோணங்கள் மிஞ்சின. கட்டில் போட முடியாது, மேசை ஒட்டாது. பெரும்பாலும் அந்த மிச்சம்தான் வீட்டுப் பெண்களுக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம்.)

2

வீட்டுக்கு வந்ததும் அந்த மஞ்சளுக்கு ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி, முதல் முயற்சி: 'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு…'

வேண்டாம். இங்கே பனி கொட்டுவது செய்தியே இல்லை.

இரண்டாம் முயற்சி: 'ஓரின் ஹாஸ்கெட்டின் மனைவி லீத்தா இறந்த…'

இதையும் நிறுத்தினேன். கதை தொடங்குவதற்குள் ஒரு பெண்ணைச் சாகடிப்பது சோம்பேறித்தனம். அதனால் அவளை அரிசோனாவில் தங்கை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். ஆனால் அங்கே அவள் உயிரோடு இருந்தால் ஓரின் ஒரு போன் போட்டால் போதும், கதை முடிந்துவிடும். அவருக்குப் போன் போட இடமே இருக்கக் கூடாது. மன்னித்துக்கொள், லீத்தா.

3

மூன்றாவது நிலைத்தது: 'ஓரின் ஹாஸ்கெட் தன் வீட்டில் தானே உட்காராத நாற்காலிகளோடு வாழ்ந்தார்.'

ஓரின் பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். ஊரின் பாரம்பரியச் சங்கத்துக்கு வெகுகாலம் தலைவர். பழைய வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டைக் குறித்து, அதற்குப் பின்னால் சேர்ந்த எதுவாக இருந்தாலும் நீக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய எண்கோண வீட்டுக்குக் குறித்த ஆண்டு 1856. அந்த ஆண்டுக்குத் தகுந்த குதிரைமயிர்த் துணி போர்த்திய நாற்காலிகளைத் தேடித்தேடி வாங்கினார். உட்கார்ந்தால் தொடையில் குத்தும்.

லீத்தா கேட்டது ஒன்றே ஒன்று. தான் துணி தைக்கும் அந்த முக்கோண அறைக்கு மஞ்சள் அடிக்க வேண்டும், இருட்டாக இருக்கிறது என்றாள். பழைய கடை விளம்பரங்களைப் பார்த்து ஓரின் ஏற்கெனவே சாம்பல் பச்சையை முடிவு செய்திருந்தார். முடியாது என்றார்.

"இந்த வீட்ல நான் குடியிருக்கேனா, இல்ல டிக்கெட் வாங்கிட்டுச் சுத்திப் பாக்க வந்திருக்கேனா, ஓரின்?"

அவர் சிரித்துவிட்டு, ஒரு கூட்டத்துக்காக மாடிசன் நகரத்துக்குக் கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது அறை மஞ்சளாக இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. மறு வாரமே தூரிகையை எடுத்துத் தானே பச்சையைப் பூசினார். பாதி வேலையில் லீத்தா காப்பி கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காப்பியை எழுதும்போதுதான் எனக்கு அவர்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

4

இப்போது ஓரினுக்கு வயதாகிவிட்டது. முதியோர் இல்லத்துக்குப் போகப் போகிறார். வீட்டைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போதைய தலைவி கொரின் வாஸ் சிறு கத்தியோடு வந்திருக்கிறாள். சுவரை அடுக்கடுக்காகச் சுரண்டி, ஆகக் கீழே உள்ள முதல் நிறத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வழக்கம். கண்டுபிடித்த பின் சுவர் முழுவதையும் தேய்த்து அந்த நிறத்துக்குக் கொண்டுவருவார்கள்.

கொரினுடைய அம்மா வீட்டின் முன்தாழ்வாரத்தை, அது பிற்காலத்தில் சேர்த்தது என்று இடிக்க வைத்தவர் ஓரின். அந்த அம்மாள் சாயங்காலம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

(இது கொஞ்சம் அதிகப்படியான பொருத்தம் என்று தோன்றலாம். சின்ன ஊர். யாருடைய எதையாவது இடிக்காமல் இங்கே ஒருவர் தலைவராக இருந்துவிட முடியாது.)

பச்சை உதிர்ந்தது. மஞ்சள் தெரிந்தது.

"இது நம்ம காலத்துப் பெயிண்ட் மாதிரி இருக்கே" என்றாள் கொரின்.

"லீத்தா அடிச்சது."

கொரின் கத்தியை மறுபடி சுவரில் வைத்தாள்.

"கொஞ்சம் நிறுத்தும்மா."

"எங்கம்மாவும் இதத்தான் கேட்டாங்க, மிஸ்டர் ஹாஸ்கெட். வீடு பொய் சொல்லக் கூடாதுன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப இது மட்டும்?"

ஓரின் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்ல அவ கை பட்டதுன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நான் வாங்கி வெச்சது."

5

முடிவுகள்.

கொரின் மனம் இளகிக் கத்தியைக் கீழே வைக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு… இல்லை. நான் எவ்வளவு தள்ளியும் கொரின் நகரவில்லை. இடிந்த தாழ்வாரத்தைப் பார்த்தபடி வாசற்படியில் நின்ற அம்மாவின் முகம் அவளுக்கு மறக்கவில்லை.

சுரண்டிக்கொண்டே போகிறாள். ஆகக் கீழே, 1856-இன் முதல் நிறமும் மஞ்சளே. இதை எழுதியபோது எனக்கே புல்லரித்தது. அதனால்தான் கிழித்துப் போட்டேன். லீத்தாவை 1856 வந்து மன்னிக்க வேண்டியதில்லை.

ஓரினே கத்தியை வாங்கி, அந்த மஞ்சளை…

இதை என்னால் மேலே எழுத முடியவில்லை.

6

என் கையில் இருப்பது இவ்வளவுதான். அந்தக் கையகல மஞ்சள் இன்னும் சுவரில் இருக்கிறது. அதற்குக் கீழே என்ன நிறம் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு சங்கமே அடிநிறத்தைத் தேடி வந்து, பாதியில் நின்றிருக்கிறது.

என் வாடகை வீட்டுச் சுவர்கள் வெள்ளை. ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். நான் போன பிறகு சுரண்டிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, வழிகாட்டி நகர்ந்ததும் அந்த மஞ்சள்மேல் கையை வைத்துவிட்டு வந்தேன். தொடக் கூடாது என்று எழுதியிருந்தது.

யார் நிறுத்தினார்கள் என்பதை உங்களிடம் விடுகிறேன். ஓரின் கெஞ்சி நிறுத்தினாரா, கொரின் தானாகவே நின்றாளா, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வேண்டாம். வேலை நேரம் முடிந்தது, கொரின் கத்தியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள், அப்புறம் அந்த அறைக்கு வர யாருக்கும் ஞாபகம் இல்லை என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்கும் தெரியும்.