குளியல் தொட்டியில் கெண்டை

அந்த இலையுதிர்காலம் முழுக்க இசாக்கு வீட்டில் குளித்தது கெண்டை ஒன்றுதான்.

கொல்லைக் குளத்தில் விரிசல் விழுந்து தண்ணீர் நிற்கவில்லை. ஆள் வைத்தால் ஏமாற்றுவான் என்று கிழவர் இசாக்கு தானே உடைத்து, தானே சிமெண்ட் பூசினார். இருபது வருஷமாக அவர் கையிலேயே தின்று கொழுத்த கருங்கெண்டை குளம் தயாராகும்வரை, அடியில் தீ மூட்டி வீட்டார் ஒருவர்பின் ஒருவராக ஒரே வெந்நீரில் இறங்கிக் குளிக்கும் மரத் தொட்டியில் இருந்தது. அடுத்த வீட்டு தோராசோ தன் குளத்தில் இடம் தருவதாகச் சொன்னார். திருப்பிக் கொடுக்கும்போது வேறு மீனைக் கொடுத்துவிடுவான் என்று இசாக்கு மறுத்துவிட்டார்.

புதுச் சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கினால் மீனின் செவுளை அரித்துவிடும். வைக்கோலை ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி விட்டு, கடைசியில் ஒரு பொடிமீனை விட்டுப் பார்ப்பது ஊர் வழக்கம். அது பிழைத்தால் பெரியதை விடலாம்.

இசாக்கு பொடிமீன் விட்டார். மறுநாள் காலையில் காணோம். குளத்தை இறைத்து, தேய்த்து, நிரப்பி இன்னொன்றை விட்டார். அதையும் காணோம்.

"சிமெண்டுல எதையோ கலந்து வித்துருக்கான். காரம் போகவே மாட்டேங்குது" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தோராசோ முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். "ஏன்டா, செத்த மீனுன்னா மிதக்கணுமே. எங்க?"

"கரைஞ்சிருக்கும்."

"முள்ளுமா?"

"நீ முள்ளங்கியக் கழுவு."

"விடியக்காலையில ஒரு நாரை உன் குளத்தங்கரையில நிக்குது. மேல குறுக்க தூண்டில் நரம்பு இழுத்துக் கட்டுடா, இறங்காது."

"பாத்தவன் ஏன் வெரட்டல?"

"அதுவும் என்னைப் பாத்துச்சு. ரெண்டு பேரும் மரியாதையா இருந்துட்டோம்."

இசாக்கு நம்பவில்லை. தன் கெண்டை செத்தால் தோராசோவின் கெண்டைதான் ஊரிலேயே பெரியது. நாரையாம், நரம்பாம். மறுபடியும் குளத்தை இறைத்தார்.

மனைவி கிக்குனோ தினமும் சாயங்காலம் துண்டும் சோப்புமாகத் தோராசோ வீட்டுக்குப் போய்க் குளித்து வந்தாள்.

"விருந்தாளின்னு என்னையத்தான் முதல்ல குளிக்கச் சொல்றாங்க. வீட்டுக்காரங்க காத்துக் கெடக்காங்க. கூச்சமா இருக்குங்க. பனி விழுந்தா இந்த இடுப்ப வச்சுக்கிட்டு எப்படிப் போவேன்? மீனு முக்கியமா, என் இடுப்பு முக்கியமா?"

இசாக்கு தொட்டியைப் பார்த்தார், அவள் இடுப்பைப் பார்த்தார்.

"யோசிக்கிறீங்க பாருங்க."

முதல் வெண்பனி விழுந்த அன்று அவர் சிமெண்ட் கடைக்குச் சண்டைக்குப் போனார். கடைக்காரன் சிரித்தான். அந்தக் கடுப்போடு திரும்பினால், குளியலறைப் புகைக்குழாயில் புகை. குளியலறைக் கதவுக்கு ஓடினார்.

"அடியே, மீனு எங்க?"

"குளத்துல" என்றாள் கிக்குனோ, வெந்நீருக்குள்ளிருந்து. "ஈரத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போய் விட்டேன். பிள்ளைய விட கனம்."

"கொன்னுட்டியேடி."

"போய்ப் பாத்துட்டுப் பேசுங்க."

குளத்தின் அடியில் கெண்டை அசையாமல் கிடந்தது. இசாக்கு பனியில் மண்டியிட்டு, கையைத் தண்ணீரில் விட்டார். விரல் மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை. கடைசியில் அது மெல்ல மேலே வந்து, விரலைச் சப்பிப் பார்த்து, தின்ன ஒன்றும் இல்லையென்று திரும்பிக்கொண்டது.

அப்போதுதான் நிமிர்ந்தார். எதிர்க்கரையில் ஒற்றைக்காலில் நாரை. அதுவும் கெண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரியதை விழுங்க முடியாது. குத்திப் போட முடியும்.

துடைப்பத்தை எடுத்து விரட்டினார். அது பறந்துபோய்த் தோராசோ வீட்டுக் கூரையில் உட்கார்ந்தது.

"கரையாத மீனும் இருக்கு போல" என்று சொல்லி, தோராசோ வேலிக்கு மேலாக நரம்புச் சுருளை எறிந்தார்.

இசாக்கு இழுத்துப் பார்த்தார். பல்லால் கடித்துப் பார்த்தார். குளத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். கட்டியும் வீட்டுக்குள் போகவில்லை. தோராசோ கொடுத்த நரம்பு, எப்படி நம்புவது?

"தண்ணி ஆறுது, குளிக்க வர்றீங்களா?" ஜன்னல் வழியே கிக்குனோ கேட்டாள்.

"நாரை போகட்டும், வர்றேன்."

"அது எப்பப் போறது?"

கூரைமேல் நாரை கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டது. கீழே இசாக்கு கொட்டும் பனிக்கு ஒரு கையில் குடையும் மறு கையில் துடைப்பமுமாக நின்றார். கிக்குனோ ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.