தரைக்கு அடியில் ஒரு மீன்

எங்கள் கட்டடத்தில் நான்கு தொட்டிகள் இருந்தன. மரத்துக்கு ஒன்று, கம்பிக்கு ஒன்று, செங்கல் உடைசலுக்கு ஒன்று, உட்கூரைக்கும் தடுப்புக்கும் அடிக்கும் ஜிப்சம் பலகைத் துண்டுகளுக்கு ஒன்று. ஒன்பது மாடிகளும் எழும்பி உள்வேலை நடந்துகொண்டிருந்ததால் ஜிப்சம் தொட்டிதான் முதலில் நிரம்பும். கழிவுகளுக்குப் பொறுப்பு நான். ஆட்கள் எனக்கு வைத்த பெயர் குப்பை மேடம்.

பிரித்துப் போடச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. சித்தாள் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். தொட்டியை நிரப்பும் குழு, மேலே கிடக்கும் பலகையில் பென்சிலால் தன் அடையாளத்தை வரைய வேண்டும். அக்கா குழுவுக்கு மீன். பெயிண்டர்களுக்குச் சீப்பு. மறுநாள் காலை எந்தத் தொட்டியில் கலப்படம் இல்லையோ அந்தக் குழுவுக்குக் கைதட்டல். அவ்வளவுதான். அதற்காக வேலை முடிந்தபின் அரை மணி நேரம் நின்றார்கள்.

"குப்பை பொறுக்கவா லேட்டா வர்றேன்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு," என்பாள் அக்கா. "நான் சொன்னேன், அந்தப் பலகைகூட திரும்பப் பலகையாகுது, நீ என்னிக்குய்யா திரும்ப மனுஷனாவேன்னு."

அது திரும்பப் பலகையாகிறது என்று அவளுக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னது அண்ணன். லாரி அவனுடையது. மறுசுழற்சி ஆலைக்குக் கழிவை ஏற்றிப்போகும் வேலையை மேலாளரிடம் பேசி வாங்கித் தந்தவள் நான்தான். முந்தின நாள் லோடு 'போய்ச் சேர்ந்தது' என்று தினமும் காலையில் சீட்டில் கையெழுத்திடுவேன். ஒருமுறையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன்தானே என்று இருந்துவிட்டேன். ஆனால் அந்த ஆலையை மனதுக்குள் பலமுறை பார்த்திருந்தேன். வெள்ளைத் தூள் பொழிந்துகொண்டே இருக்கும். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் புருவம் நரைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் புது வீட்டைப் பார்க்கப் போனோம். அண்ணன் எங்களுக்காகக் கட்டுகிற வீடு. பள்ளமான மனை என்பதால் அடித்தளச் சுவர்களுக்கு நடுவே இடுப்பளவுக்கு நிரப்பி, மேலே மண் பரப்பியிருந்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட் தரை போடுவதாக இருந்தது. மழை ஒரு மூலையில் மண்ணை அரித்திருந்தது. அங்கே ஏதோ வெள்ளையாகத் தெரிய, குனிந்து இழுத்தேன்.

ஊறிப்போன ஜிப்சம் பலகை. அதன்மேல் பென்சில் மீன்.

கையாலேயே தோண்டினேன். ஒரு சீப்பு வந்தது. பிறகு இன்னொரு மீன், வால் மட்டும் பெரிதாக. அப்படி வரைவது அக்காதான்.

"என்னடி, புதையலா?" என்றாள் அம்மா.

பின்னால் அண்ணன் வந்து நின்றான். என் கையில் இருந்ததைப் பார்த்தும் அவன் முகம் மாறவில்லை.

"ஆலை ரொம்ப தூரம். வாசல்லயே ரெண்டு மணி நேரம் காக்க வைக்கிறான். இங்க பள்ளம் சும்மாதானே கெடக்கு?"

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"நான் கையெழுத்துப் போட்டேனே அண்ணா."

"அதனாலதான் யாரும் எதுவும் கேக்கல."

"இது தண்ணி பட்டா கூழாயிடும். தரை இறங்கும். அழுகின முட்டை மாதிரி நாறும். அம்மா படுக்கப்போற இடம் இது."

"மேல கான்கிரீட் வருதுல்ல? உனக்கு வீட்டைப் பாத்தாக்கூட குப்பைத் தொட்டியாத்தான் தெரியுது. யாருக்காகச் செஞ்சேன்? உங்களுக்குத்தானே?"

அம்மா என் கையிலிருந்த பலகையை வாங்கினாள். கொஞ்சம் யோசித்தாள். குழியிலேயே போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"ஆளுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு நல்லபடியா தரை போடட்டும். விடும்மா."

திங்கட்கிழமை காலை அண்ணன் வழக்கம்போலச் சீட்டை நீட்டினான். பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தான். நான் வாங்கவில்லை.

"கூடப்பிறந்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

"நீ மண்ணையே போட்டிருக்கலாமே."

லாரி காலியாகத் திரும்பியது. நான் போட்ட கையெழுத்துகள் அத்தனையும் பொய் என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "இப்ப எதுக்குமா இதெல்லாம்?" என்றார்.

மாலையில் தொட்டிகளைச் சுற்றி எல்லோரும் கூடியபோது அவர்களிடமும் சொன்னேன். ஒரு பெயிண்டர் சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

அக்கா கூடையை இடுப்பில் வைத்தபடி கேட்டாள். "அப்ப நாங்க தினமும் அரை மணி நேரம் நின்னது உங்க வீட்டுத் தரைக்கா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"நேத்து தெரிஞ்சுதுல்ல. இன்னிக்கு அந்தத் தரை?"

"காலையில போட்டாச்சு."

"போட விட்டீங்க."

"உடைக்கச் சொல்றேன்க்கா."

"சொல்லாதீங்க மேடம். நிறைய சொல்லிட்டீங்க. உடைச்சுட்டு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் நாங்க நேரத்துக்கு வீட்டுக்குப் போறோம்."

கையுறைகளைக் கழற்றினாள். கூடையில் இருந்த பலகைத் துண்டு, ஆணி, செங்கல், சிமென்ட் பை எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கவிழ்த்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் கவிழ்த்தார்கள். யாரும் எதையும் வரையவில்லை.

எல்லோரும் போனபின் சாமான் அறைக்குப் போய் உடைக்கும் இயந்திரம் கேட்டேன். பொறுப்பாளர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன உடைக்க?"

"எங்க வீட்டுத் தரை. இன்னிக்குக் காலையில போட்டது."

"காலையில போட்டதுக்கு எதுக்கு மிஷினு? கடப்பாரை போதும்," என்று மூலையைக் காட்டினார். "ஆனா சீக்கிரம் போங்க. இறுகிடும்."