வேண்டாம் என்றொரு பொத்தான்

அந்த அறிவிப்பை எழுதியவன் யாரென்று தெரிந்தால், அவன் வீட்டு வாசல் மணியை நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பேன். குளிக்கும்போது அழுத்துவேன், சாப்பிட உட்காரும்போது அழுத்துவேன். கதவைத் திறந்தால், "இப்போதே உள்ளே வரட்டுமா, இல்லை இன்றிரவு வரட்டுமா?" என்று இரண்டே கேள்விதான் கேட்பேன். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழியே கொடுக்க மாட்டேன்.

என் போனில் நான்கு மாதமாக நடந்தது அதுதான். 'சிஸ்டம் அப்டேட் தயார்' என்று திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும். கீழே இரண்டு பொத்தான்: 'இப்போதே நிறுவு', 'இன்றிரவு நிறுவு'. விரலால் ஒதுக்கித் தள்ளினால் போகும். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வந்து நிற்கும். மானம் ரோஷம் இல்லாத ஜென்மம்.

மற்றவர்களுக்கு அது வெறும் தொல்லை. எனக்கோ அதில் கைபட்டால் பிழைப்பே போய்விடும்.

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். எங்கள் தளத்தில் முந்நூறு மெஷின் ஓடுகிறது. கழற்றிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. நான் காதால் கண்டுபிடிப்பவள். ஊசி நுனி வளைந்திருந்தால் ஒரு சத்தம், அடிநூல் உருளையை வைக்கும் பாபின் கேஸ் தளர்ந்திருந்தால் வேறு சத்தம். ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் என் காதில் பாதிக்கு மேல் தின்றுவிட்டுப் போனது. அதிலிருந்து இரண்டு காதிலும் கருவி. எந்த ஒலியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது போனில் இருக்கும் ஒரு செயலி. அது ஓடாவிட்டால் காதுக்குள் வெறும் இரைச்சல்தான்.

அந்தக் கருவியைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். செயலியும் போனின் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். இதே கருவியை மாட்டியிருந்த டைப்பிங் டீச்சர் ஒருத்தி தெரியாமல் அப்டேட்டை அழுத்திவிட்டு, 'இப்ப ரெண்டும் கம்மல் மாதிரி சும்மா தொங்குது' என்று எனக்கு எழுதி அனுப்பியிருந்தாள். அதை வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் புலம்பியிருந்தேன். புதுக் கருவிக்கு அளவெடுத்து, காது அதற்குப் பழக மூன்று மாதம் ஆகுமாம். எனக்கு இருந்ததோ ஆறு நாள். அடுத்த சனிக்கிழமை தலைமை மெக்கானிக் வேலைக்குத் தேர்வு. போட்டியில் இரண்டே பேர், நானும் என் கொழுந்தனும்.

கொழுந்தனும் அதே தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெக்கானிக். வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் விஞ்ஞானி. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பெயர் வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் அந்த அறிவிப்பைத் திட்டியபடி ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இதுக்குப் போயா இவ்வளவு டென்ஷன் அண்ணி? குடுங்க, ரெண்டு நிமிஷத்துல அதோட வாயை அடைச்சுடறேன்."

கொடுத்தேன். "நீ நல்லா இருப்ப தம்பி" என்று வேறு சொல்லிவிட்டு, துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனேன்.

அந்தச் செயலியில் இன்னொரு வசதி உண்டு. போனை ஓரிடத்தில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போனாலும், போனுக்குக் கேட்பதெல்லாம் என் காதுக்கு வந்துவிடும். மெஷின் பலகையில் போனை வைத்துவிட்டு, சுவிட்ச் போர்டு பக்கம் நின்றபடி கோளாறைச் சொல்லிவிடுவேன். வீட்டிலும் அதை அணைப்பதில்லை. கொழுந்தன் அதை வேலையிடத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறான், அண்ணி போனை மறந்து வைத்துவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறவர். இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

காதுக்குள் முதலில் அவன் நகம் திரையில் படும் சத்தம் வந்தது. பிறகு என் வீட்டுக்காரர் குரல். "என்னடா பண்ற?"

"அப்டேட் போடறேண்ணே. ராத்திரி தானா ஏறிக்கும். நாளைக்குக் காலையில அண்ணி எழுந்திரிச்சா காதுல மிஷின் இருக்கும், கேக்காது."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. இப்போது இவர் அவனை ஓர் அறை விடுவார், போனைப் பிடுங்குவார் என்று ஈரச்சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"நல்லதுதான் போடா. எத்தனை நாளைக்கு அவளுக்குக் கீழ கைகட்டி நிப்ப? அவ வீட்ல இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காத."

எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்தது அவருடைய சட்டை. அதைப் பிழிந்த பிழியலில் ஒரு பொத்தான் தெறித்துக் கீழே தெருவில் போய் விழுந்தது.

உள்ளே போனேன். "முடிஞ்சுது அண்ணி, இனிமே அது உங்ககிட்ட வாலாட்டாது" என்று போனை நீட்டினான். "உண்மையிலேயே நீ விஞ்ஞானிதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

நான்கு மணிக்கு எங்கள் தெருமுனை போன் கடையில் நின்றேன். கடைக்காரி ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஏதோ போர்டில் ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கிப் பார்த்தவள் புருவத்தை உயர்த்தினாள்.

"இன்னிக்கு ராத்திரி ஏறுற மாதிரி யாரோ வச்சு விட்டிருக்காங்களே. யாரு அக்கா?"

"சொந்தக்காரங்க."

"அதானே பாத்தேன். இவ்வளவு அக்கறை வெளியாளுக்கு வராது."

இறங்கியிருந்த அப்டேட்டை முதலில் அழித்தாள். பிறகு 'போனைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்து, கடைசியில் இருந்த பில்டு நம்பரைக் காட்டினாள். அதை ஏழு தடவை தட்டினால் மறைந்திருக்கும் டெவலப்பர் பகுதி திறக்குமாம். "நான் தட்டறேன்" என்று வாங்கிக்கொண்டேன். முதல் மூன்று தட்டு கொழுந்தனுக்கு. மீதி நான்கும் என் வீட்டுக்காரருக்கு.

"மெதுவாக்கா, ஸ்கிரீன் போயிடும்."

திறந்த பகுதியில் 'தானியங்கி சிஸ்டம் அப்டேட்' என்றொரு சுவிட்ச் இருந்தது. அணைத்தாள். ப்ளே சர்வீசஸ் என்ற பெயருக்குள் புகுந்து, அறிவிப்புகளின் பட்டியலில் அப்டேட் வரியை மட்டும் தேடி அதையும் அணைத்தாள். நான்கு மாதமாக என் உயிரை எடுத்த ஜென்மம் சத்தமில்லாமல் செத்தது. அடுத்தது யாரென்று எனக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை நான் செவிடியாக எழுந்தேன். என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று, "டீ ஆச்சா?" என்றார். நான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டார். நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவினேன். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னங்க, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றதும், அவர் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கையை அப்படியே கடித்திருக்கலாம். அந்த வாரம் அவர் குளியலறைக்குள்ளிருந்து துண்டு கேட்டுப் பத்து நிமிடம் கத்தினார். எனக்குக் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் கொழுந்தன் திங்கட்கிழமையே மேனேஜர் மேடம் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். என் எதிரிலேயே ஆரம்பித்தான்.

"அண்ணிக்குச் சுத்தமா கேக்கல மேடம். எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. ஆனா தலைமை மெக்கானிக்னா காதுதானே முக்கியம்? சனிக்கிழமை டெஸ்ட்டை வெறும் காதால வைங்க. டூல் தொடக் கூடாது, மெஷினைப் பாக்கக் கூடாது. அப்பதான் யாரும் பாரபட்சம்னு சொல்ல மாட்டாங்க."

கையில் டூல் இருந்தால் அவனும் மோசமான மெக்கானிக் இல்லை. நானும் அவனும் ஏறக்குறையச் சமம். அவனாகவே போய்ச் சமமில்லாத இடத்தில் தலையைக் கொடுத்தான். மேடம் அவன் சொன்னதை ஒரு தாளில் எழுதி, 'உங்களுக்குச் சம்மதமா?' என்று என்னிடம் நீட்டினார். நான் இரண்டு தடவை படிப்பது போலப் படித்து, உதட்டைக் கடித்து, தயங்கித் தயங்கித் தலையாட்டினேன்.

சனிக்கிழமை ஆறு மெஷினை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். கையில் ஆளுக்கொரு தாள். தொடங்கும் முன் கொழுந்தனுக்கு ஒரு சந்தேகம்.

"போனை வாங்கி வச்சிடுங்க மேடம். யாராவது மெசேஜ்ல சொல்லிக் குடுத்தாங்கன்னு பின்னாடி பேச்சு வரக் கூடாது."

மேடம் இரண்டு போனையும் வாங்கி, மூன்றாவது மெஷின் பலகையில் வைத்தார். ஏன் வாங்குகிறார்கள் என்றே புரியாதது போல நான் மலங்க மலங்க விழித்தேன். அவன் என்னைப் பார்த்து, ஆறுதலாகச் சிரித்தான்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடின. என் காதுக்குள் ஒவ்வொன்றும் தன் நோயைத் தானே சொன்னது. முடிந்ததும் மேடம் அவன் தாளைப் பார்த்தார். மூன்று சரி. என் தாளைப் பார்த்தவர் மெஷின் பக்கம் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

"ஆறாவதுக்கு 'கோளாறு இல்லை'ன்னு எழுதியிருக்காங்க. அது சரி, அதை நாங்க நல்ல மெஷினாத்தான் போட்டோம். ஆனா ஏதோ உறுமுச்சே?" என்று தனக்குள் பேசுவது போலக் கேட்டார்.

"மேல இருக்கிற டியூப்லைட் மேடம்," என்றேன் திரும்பாமலே. "அதோட சோக்தான் உறுமுது. மாத்தச் சொல்லுங்க."

"உங்களுக்குக் கேக்குதா?" என்றார் மேடம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்திலேருந்து ரொம்ப நல்லா கேக்குது." கொழுந்தன் பக்கம் திரும்பினேன். "'காதுல மிஷின் இருக்கும், கேக்காது.' சரியா சொன்னேனா தம்பி?"

அவன் பார்வை என் முகத்திலிருந்து பலகையில் கிடந்த போனுக்குப் போனது, என் காதுக்கு வந்தது, மறுபடி போனுக்குப் போனது. விஞ்ஞானிக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் முகம் போன போக்கை நான் அவசரப்படாமல் நின்று பார்த்தேன். அவ்வளவு திருப்தியாக நான் எதையும் பார்த்ததில்லை. ஆறும் சரி என்று மேடம் என் பெயரை அறிவித்ததும், தலைமை மெக்கானிக்காக என் முதல் உத்தரவையும் அங்கேயே கொடுத்தேன். திங்கட்கிழமை முதல் முந்நூறு பாபின் கேஸையும் கழற்றிப் பஞ்சு எடுத்துத் துடைப்பது அவன் வேலை.

வீட்டுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் டீ போட்டு வைத்திருந்தார்.

"அவன் ஏதோ விளையாட்டுக்குப் பண்ணிட்டான் போல. எனக்கு ஒண்ணுமே தெரியாது..."

"'நல்லதுதான் போடா. எத்தனை நாளைக்கு அவளுக்குக் கீழ கைகட்டி நிப்ப? அவ வீட்ல இருக்கட்டும்.'" அவர் குரலிலேயே சொன்னேன். அவர் கையிலிருந்த கோப்பையைத் தட்டில் நங்கென்று வைத்தார். அதுவும் துல்லியமாகக் கேட்டது. கொழுந்தன் செய்தது பொறாமை, அதை நான் துடைத்துப் போட்டுவிடுவேன். பால்கனியில் நின்று நான் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதை இவருக்கு நான் மன்னிக்கப் போவதில்லை.

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாம பேசித் தீத்துக்கலாம். இப்பவே பேசலாமா? இல்ல, உன் கோவம் ஆறட்டும், ராத்திரி பேசலாமா?"

நான் போனை எடுத்தேன். திரையில் எந்த அறிவிப்பும் இல்லை. செயலியைத் திறந்து ஒலி அளவைக் கடைசி வரை கீழே இழுத்தேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கையைப் பிசைந்தார், நெஞ்சில் கை வைத்தார், எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் டீயை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை சரியாகத்தான் போட்டிருந்தார்.