பந்தைப் பற்றி ஒரு வரி

"நிறுத்தாம படிங்கப்பா," என்றாள் ஹெட்விக்.

அப்பா லுட்விக் கோர்சாக் சிகாகோ இறைச்சிக் கூடத்தில் மாடு உரிப்பவர். கத்தி பிடித்துப் பழகிய கையில் செய்தித்தாளைப் பிடித்து, மகள்கள் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தின் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"'பொன்னிறக் கூந்தல் ஐரீன் பந்து எறிகிறாள், வாலிபர்களின் நெஞ்சில் படுகிறது. மட்டைக்காரிக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பது அவளுடைய அண்ணன் அல்ல, அக்கா ஹெட்விக்தான் என நம்பகமாகத் தெரிகிறது.'"

"நாங்க ஜெயிச்சோம்னு எங்கயாவது போட்டிருக்கா?" என்றாள் ஐரீன்.

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லம்மா. உன் ரிப்பன் நீலக் கலர்னு போட்டிருக்கு."

"மாதாவே! ஆம்பளைன்னு பேப்பர்லயே போட்டுட்டானே! இனிமே இவளை எவன் கட்டுவான்?" அம்மா அழுதாள்.

ஹெட்விக் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். ஓட்டம் எடுக்கப் பாய்ந்து வந்த எதிரணிக்காரியை மறித்து ஆட்டத்தைக் காப்பாற்றியவள் அவள்தான். முழங்கை இன்னும் வீங்கியிருந்தது.

அன்று மாலை அடுத்த ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில், அவர்கள் ஆடும் பிஸ்கட் கம்பெனி அணியின் மேலாளர் பிரென்னன் அவளைத் தனியே அழைத்தார். ஐரீனும் கூடவே போனாள்.

"கொஞ்ச நாள் வெளிய இரும்மா. கம்பெனி பேரு கெடுது. ஒல்லியா ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"பந்து பிடிப்பாளா?"

"போட்டோவுல நல்லா விழுவா."

ஐரீன் கையுறையைக் கழற்றினாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தவள், ஆட்டம் முடியும்வரை எழவே இல்லை. அணி தோற்றது. நிருபர் ஓடிவந்தார்.

"ஏன் ஆடல?"

"எங்கக்காவை எடுத்துட்டாங்க. அவ இல்லாம நான் ஆட மாட்டேன். இதையாவது ஒழுங்கா எழுதுங்க."

அவர் மிகுந்த சிரத்தையோடு குறித்துக்கொண்டார்.

மறுநாள் பத்திரிகை கேட்டது: 'அழகி ஐரீன் கண்களில் சோகம்! காதல் முறிவா? யார் அந்தக் கல்நெஞ்சன்?'

அந்தக் கல்நெஞ்சனைப் பார்த்துவிடும் ஆவலில் நகரத்து வாலிபர்கள் அடுத்த ஆட்டத்தின் டிக்கெட்டுகளை மத்தியானத்துக்குள் வாங்கித் தீர்த்தார்கள். பிரென்னன் பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஐரீன் கண்ணு, நீ ஆடவே வேணாம். அந்தக் குட்டைப் பாவாடையைப் போட்டுக்கிட்டு பெஞ்சுல சோகமா உக்காந்திரு. அது போதும்."

அம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டு அவரை முறைத்தாள்.

ஐரீன் உள்ளே போய்ச் சீருடைப் பாவாடையை எடுத்துவந்து பூங்கொத்தின் மேல் போட்டாள்.

"நீங்களே போட்டுக்கிட்டு உக்காருங்க சார். காலை மட்டும் நல்லா மழிச்சுக்குங்க. பேப்பர்காரங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்க."