ராகுகாலத்தில் ஆயில் ஊற்றலாமா

1

பெரியோர்களே, தாய்மார்களே, தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் எப்போதும் இரண்டாவது கியரிலேயே வாழ்ந்து வரும் வாகன ஓட்டிகளே! மனிதகுலம் இதுவரை சந்தித்த கேள்விகளில் ஆகக் கடினமான ஒன்றுக்கு இந்தக் கதை விடை சொல்லப்போகிறது. டர்போ வைத்த காருக்கு எந்தக் கனத்தில் ஆயில் ஊற்ற வேண்டும்? உயிர் எங்கிருந்து வந்தது, செத்த பிறகு என்ன ஆகிறோம் போன்ற சில்லறைச் சந்தேகங்கள் உள்ளவர்கள் வேறு கடை பார்க்கலாம்.

அறிவிப்பு முடிந்தது. இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது என் ஸ்கூட்டர். 2007-ல் ஒரு வெள்ளிக்கிழமை, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் அதற்கு கிளட்ச் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே இரண்டு பேர் ஆயிலைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒயரை மாட்டியதும் நான் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு வருவதெல்லாம் நானாகச் சேர்த்தது.

(இலக்கியத்தில் இதற்குக் கற்பனை என்று பெயர். ஷெட்டில் உடான்ஸ் என்பார்கள்.)

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

‘விடியலின் பொற்கிரணங்கள் அந்தச் சிவப்புக் காரின் மேனியைத் தழுவியபோது...’ வேண்டாம். ஷெட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எந்தக் கிரணமும் எதையும் தழுவ வழியில்லை.

‘ஏரிக்கரையில் நாரைகள் இறங்கிய நாட்களில் சம்பத்தின் தகப்பனார் அங்கே நெல்...’ இதுவும் வேண்டாம். நிலம் போனதற்காக இந்தக் கதையில் யாரும் கண்ணைக் கசக்கப்போவதில்லை. சம்பத் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டான்.

‘அயூப் காருக்கு அடியில் படுத்திருந்தான்.’

இது பரவாயில்லை. இதிலிருந்து ஆரம்பிப்போம்.

அயூப் காருக்கு அடியில் படுத்திருந்தான். ஷெட் அவனுடையது. இத்தனை காலமும் அங்கே ஷேர் ஆட்டோவும் ஸ்கூட்டரும் எப்போதாவது ஒரு ஆம்னி வேனும்தான் வந்துபோயின. இப்போது அவன் முகத்துக்கு மேலே நிற்பது வெளிநாட்டு டர்போ கார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கார் சம்பத்துடையது. சம்பத்தும் அயூப்பும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. “கம்பெனி சர்வீஸ் எல்லாம் நமக்கு வேணாம், என் வண்டி மேல அயூப் கை மட்டும்தான் படணும்” என்று சொல்லி இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பானட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அயூப்பும் சரி என்று சொல்லியிருந்தான். நட்பு இப்படித்தான் மனிதனைக் காருக்கு அடியில் தள்ளுகிறது.

சம்பத்தின் அண்ணன் தயாளனைப் பற்றி ஒரு வார்த்தை. மேடவாக்கத்தில் இருந்த குடும்ப நிலத்தை ஃப்ளாட் கட்டுகிறவர்களுக்கு விற்றபோது, தயாளன் தன் பங்குக்கு அங்கேயே ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டான். சம்பத் தன் பங்குக்கு இந்தக் காரை வாங்கினான். கார் தெருவில் போகும்போதெல்லாம் தயாளன் வாசலில் நின்று, “அதோ பாரு, எங்க தம்பி அரை ஏக்கரை ஓட்டிக்கினு போறான்” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவான்.

எஞ்சின் போனால் நிலம் இரண்டாவது முறையாகப் போய்விடும். தவிர, தயாளன் சொன்னது சரியாகிவிடும். இரண்டாவதை நினைத்துத்தான் சம்பத்துக்குத் தூக்கம் வரவில்லை.

3

இங்கே ஒரு சின்ன வகுப்பு. பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். தாவியவர்களை நான் கவனிக்க மாட்டேன்.

ஆயில் டின்னில் 5W-40, 20W-50 என்று போட்டிருக்கும். முதல் எண், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஓடிப் போய்ச் சேரும் என்பதைச் சொல்லுகிறது. எண் சின்னதாக இருந்தால் ஓட்டம் அதிகம். இரண்டாவது எண், எஞ்சின் கொதிக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நடுவில் நிற்கும் W குளிர்காலத்தைக் குறிக்கிறது.*

(* மேடவாக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே குளிர்காலம் என்பது ஃபேனை மூன்றில் வைப்பது.)

டர்போ என்பது எஞ்சினின் புகையாலேயே சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் சின்ன விசிறி. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலேயும் போகும். அந்த வேகத்தில் அதன் அச்சு இரும்பின் மேல் உட்கார்ந்திருக்க முடியாது. முடிக்கனம்கூட இல்லாத ஆயில் படலத்தில் மிதக்கிறது. அங்கே ஆயில் போய்ச் சேரத் தாமதமானாலும் ஆபத்து, சேர்ந்தது சூட்டில் கருகினாலும் ஆபத்து. ஆகவே மெல்லிய ஆயிலா கெட்டி ஆயிலா என்பது அந்தக் காரைப் பொறுத்தவரை

(இந்த வாக்கியத்தை ‘வாழ்வா சாவா’ என்று முடிக்க இருந்தேன். எனக்கே கூச்சமாகிவிட்டது.)

4

பழைய ஆயிலை அயூப் காலையிலேயே இறக்கிவிட்டான். ஃபில்டரை மாற்றினான். அடியில் இருக்கும் போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தான். பெஞ்சின் மேல் இரண்டு டின் இருந்தன. தாம்பரத்திலிருந்து அயூப் வாங்கி வைத்த 20W-50 ஒன்று. மவுண்ட் ரோடு வரை போய் சம்பத் வாங்கி வந்த 5W-40 இன்னொன்று.

“ஃபைவ் ஃபார்ட்டி. ஃபுல் சிந்தட்டிக். இதான் ஊத்தணும் மச்சான்,” என்றான் சம்பத்.

அயூப் அந்த டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கினான். “இன்னாடா இது, தண்ணியாட்டம் சத்தம் வருது? சூட்டுல ரசமாப் பூடும்டா.”

“நெட்டுல போட்டுகிறான்டா. நார்வேகாரன். இதே வண்டிதான் வச்சிகிறான். இதே ஆயில்தான் ஊத்துறான். எஞ்சின் பூ மாதிரி கீதாம்.”

“அவன் ஊர்ல இன்னா சூடு?”

சம்பத் கொஞ்சம் தயங்கினான். “மைனஸ் இருபத்தஞ்சு.”

“அவன் தலைல ஐஸு கொட்டுது. உன் தலைல தண்ணி லாரி புகை கொட்டுது. ரெண்டும் ஒண்ணா?”

“டர்போடா! கெட்டியா ஊத்துனா அது மேல ஏறிப் போறதுக்குள்ள அச்சு காலி.”

“நம்ம ஷேர் ஆட்டோ அத்தினியும் ட்வென்ட்டி ஃபிஃப்டிலதான் ஓடுது. எது செத்துப்போச்சு?”

“என் வண்டி ஷேர் ஆட்டோவாடா?”

“ஏறுற ஆளு கம்மி. மத்தபடி அதே ரோடு, அதே ஸ்பீடு.”

இது உண்மை. அதனால்தான் சம்பத்துக்குச் சுருக்கென்று தைத்தது. இருநூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் என்று அவனிடம் விற்கப்பட்ட கார், வேளச்சேரி சாலையில் இதுவரை நாற்பதைத் தாண்டியதில்லை. இருவருமே பாதிப் பாதி சரி. முழுத் தப்பு ஒருவனிடம் இருந்திருந்தால் சண்டை அப்போதே முடிந்திருக்கும்.

அயூப் சட்டென்று 20W-50 டின்னை எடுத்து மூடியில் கை வைத்தான்.

“ஏய், வைடா! மணி பாரு. பத்தரை ஆயிடுச்சு. ராகுகாலம்.”

“பழச எறக்கனப்ப நேரம் பாத்தியா நீ?”

“போறதுக்கு எதுக்குடா நேரம்? வர்றதுக்குதான் பாக்கணும்.”

அயூப் டின்னைத் திரும்ப பெஞ்சில் வைத்தான். இதற்கு அவன் பழகினவன். வெள்ளிக்கிழமைகளில் அவன் ஷெட்டின் நடைமுறையே அதுதான். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வண்டிக்காரர்கள் புதிதாக எதையும் தொடவிடுவதில்லை. அதற்கப்புறம் அயூப் குளித்துவிட்டு ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவான். நடுவில் பங்ச்சர், கிளட்ச் ஒயர் மாதிரி ராகுவுக்கு அக்கறையில்லாத வேலைகள் நடக்கும்.

என் ஸ்கூட்டர் அந்த வகை.

5

என் ஒயர் முடிந்தது. நான் கிளம்பிவிட்டேன். இனிமேல் உடான்ஸ்.

முதலில் போட்ட திட்டம் இது: ராகுகாலம் முடிவதற்குள் சம்பத்தை எங்கேயாவது அனுப்பிவிட்டு, அயூப் திருட்டுத்தனமாக 20W-50 ஊற்றிவிடுகிறான். நல்ல திருப்பம். துரோகம், நட்பு எல்லாம் உண்டு, அட்டையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அயூப் மசியவில்லை. டின்னை அவன் கையில் கொடுத்துப் பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மூடியைத் தொடுகிறான், சம்பத் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்க்கிறான், கையை எடுத்துவிடுகிறான். சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். அவன் செய்தது இதுதான்.

பன்னிரண்டு அடித்ததும் எழுந்தான். சம்பத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டூலில் இருந்தான். வண்டி அவனுது. நிலம் அவனுது. தயாளனிடம் பேச்சு வாங்கப்போகிறவனும் அவன்தான். பிடிவாதம் பிடிக்க நான் யார் என்று அயூப் நினைத்தான். தன்னுடைய டின் கண்ணெதிரே இருந்தால் சம்பத்துக்குப் பிடித்ததை ஊற்ற அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று, அயூப் அதை எடுத்து உள்ளறையில் வைத்துப் பூட்டினான். ஒன்றும் சொல்லாமல் தொழுகைக்குப் போனான்.

சம்பத் அதைப் பார்த்தான். டின்னை உள்ளே வச்சிட்டுப் போறான்னா அவ்ளோ வலிச்சிருக்கு. ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த அயூப் எதையாவது கேட்டிருக்கிறானா? நார்வேகாரனா நாளைக்கு நடுரோட்டில் வண்டியைத் தள்ள வரப்போகிறான்? சம்பத் தன் டின்னைத் தூக்கி டிக்கியில் போட்டு மூடினான். அவன் வந்து அவனுக்குப் பிடிச்சதை ஊத்தட்டும். சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டான்.

(இவ்வளவு நல்ல மனசு உள்ள பாத்திரங்களை வைத்துக்கொண்டு அங்கதம் எழுதுவது பெரிய பேஜார்.)

6

தொழுகை முடிந்து வந்த அயூப் பெஞ்சைப் பார்த்தான். சம்பத்தின் டின்னைக் காணோம். சரி, அவனுக்குப் பிடித்ததை ஊற்றிக்கொண்டான். நெஞ்சில் லேசாக முள் குத்தியது. அவனே அதைப் பிடுங்கிப் போட்டான்.

பானட் திறந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் வளையம் கைக்கு எட்டும் தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. எந்த வண்டி வந்தாலும் முதலில் அதைத்தான் அவன் கை உருவும். இப்போதும் போனது, பாதி வழியில் நின்றது. இதை உருவினால், ஊற்றியவன் ஒழுங்காக ஊற்றினானா என்று சோதிக்கிறதாக ஆகும். அந்த நேரம் பார்த்து சம்பத் வந்துவிட்டால்?

இந்த இடத்தில் மெக்கானிக் வாசகர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிவார்கள் என்று தெரியும். எந்த மெக்கானிக்காவது கம்பியை உருவாமல் விடுவானா? நானும் அயூப்பிடம் கேட்டேன். “நீ சிநேகிதன் வண்டில வேல பாத்துகிறியா சார்?” என்று திருப்பிக் கேட்டான்.

அயூப் பானட்டை மூடி, துணியெடுத்து மேலே துடைத்தான்.

அப்போதுதான் சம்பத் வந்தான். மூடிய பானட். துடைக்கிற அயூப். வேலை முடிஞ்சது. சரி, அவனுக்குப் பிடித்ததை ஊற்றிவிட்டான். சம்பத் நெஞ்சிலும் ஒரு முள். அவனும் பிடுங்கிப் போட்டான்.

“சாப்ட்டியா மச்சான்?” என்றான் அயூப்.

“ஆச்சு. நீ?”

“எங்க வூட்ல ஜெய்னப் கட்டிக் கொடுத்துகிறா. உனுக்கும் சேத்துதான்.”

“கொண்டா. எங்க வூட்டுக் குழம்பு வாய்ல வெக்க முடியல.”

அயூப் டிபன் டப்பாவை எடுத்து நடுவில் வைத்தான்.

“அயூப்பு.”

“ம்.”

“எந்த ஆயில், இன்னா ஆயில்னு இனிமே பேச்சே வேணாம். அது முடிஞ்ச கதை.”

“நானே சொல்லலாம்னு இருந்தேன்டா. முடிஞ்ச கதை.”

“உன் மேல எனுக்குக் கோவம் இல்ல.”

“எனுக்குந்தான்.”

ஷெட் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தயாளன். இறங்காமலே, “இன்னாடா, அரை ஏக்கருக்கு எண்ணெய்க் குளியலா? முடிஞ்சுதா? எடு, மேடவாக்கம் வரைக்கும் உன் பின்னாடியே வரேன். அந்த டர்போ என்னாதான் பண்ணுதுன்னு பாக்கலாம்,” என்றான்.

சம்பத் அயூப்பைப் பார்த்தான். அயூப் தலையை ஆட்டினான். அந்த ஒரு ஆட்டலில் ஒன்றாம் வகுப்பு பெஞ்சு முழுக்க இருந்தது. “எடு மச்சான். தைரியமா மிதி. நான் கீறேன்.”

சம்பத் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டான். ஒரு திருகு. முன்னாலிருந்த விளக்குகள் எல்லாம் எரிந்தன. சிவப்பில் சின்ன எண்ணெய்க் குவளைப் படமும் எரிந்தது. எந்தக் காரிலும் அந்தத் திருகில் அது எரியத்தான் செய்யும். இன்னொரு திருகு பாக்கி.

7

இங்கே நிறுத்துகிறேன். அறிவித்தபடி விடை சொல்லும் நேரம். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு: 5W-40 வென்றது. மெல்லிய ஆயில் கண் இமைப்பதற்குள் டர்போவின் அச்சைத் தொட்டது. தண்ணி லாரிகள் விலகி வழிவிட்டன. தயாளனின் பைக் கண்ணாடியில் புள்ளியாகச் சிறுத்தது. நார்வேயில் யாரோ கை தட்டினார்கள்.

ஷெட்டில் கற்றுக்கொண்டவர்களுக்கு: 20W-50 வென்றது. சித்திரை வெயிலிலும் தளராமல் நின்றது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் தயாளன் பைக்கை ஓரம் கட்டிவிட்டு, “தம்பி, ஒரு ரவுண்டு என்னையும் ஏத்திக்கினு போடா,” என்றான்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம். இரண்டையும் மனப்பூர்வமாகத்தான் எழுதினேன். எனக்கென்னவோ இரண்டாவதைப் படிக்கும்போது கண் லேசாக

(இல்லை. தூசி.)

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எண்களிலேயே கவனமாக இருந்ததில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. திருத்தலாம் என்று பார்த்தால், அயூப்பிடம் சொல்ல என்னால் முடியாது. நான் ஸ்கூட்டரில் ஏறி எப்போதோ போய்விட்டேன். அவன் சம்பத்திடம் கேட்க மாட்டான், சம்பத் அவனிடம் கேட்க மாட்டான். பேச்சே வேணாம் என்று சொல்லிக்கொண்டுவிட்டார்கள். தயாளனுக்குத் தெரியாது. சம்பத்தின் விரல் சாவியில் இருக்கிறது. இப்போது அங்கே இருப்பது நீங்கள்தான். கத்துவதென்றால் கத்துங்கள்.

ஒரு டின் உள்ளறையில். இன்னொன்று டிக்கியில். இரண்டும் சீல் உடைக்காதவை.

எஞ்சினில் ஆயில் இல்லை.