முதல் துண்டு அப்பம்

மலையாளத்துக் கொச்சங்காடியில் ஔசேப்பு முதலாளியின் சுக்குக் கிடங்கில் நான் மூட்டை சுமந்தேன். ஈஸ்டருக்கு முந்தின பெசகா வியாழன்தோறும் காலையில் முதலாளி எங்கள் கால்களைக் கழுவுவார். ஏசு தம் சீடர்களுக்கு அப்படிச் செய்தாராம். நாங்கள் எல்லாம் மதுரைப் பக்கத்து ஆட்கள், ஒருத்தனும் வேதக்காரன் இல்லை. இருந்தாலும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டுவோம். கூலியைக் கூட்டிக் கேட்டால் காது கேட்காத மனிதர், அன்றைக்கு மட்டும் என் குதிகால் வெடிப்பைத் தடவி, "வேதனையுண்டோ காளிமுத்து?" என்பார். மறுநாள் அந்தக் குதிகால் அவருக்குத் தெரியாது.

கழுவிக்கொண்டே ஆளுக்கு ஒரு சீடன் பேரை வைத்துக் குணம் சொல்லுவார். சுப்புராஜ் பத்ரோஸாம். யோசிக்கும் முன்னே வாயைத் திறப்பானாம். நான் தோமாவாம். தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேனாம். அது உண்மைதான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. பிச்சை அண்ணனை யோஹன்னான் என்பார்.

"மிண்டாமல் இருக்கிறவன் கர்த்தாவின் நெஞ்சோடு சேர்ந்து இருக்கிறவன். தெய்வம் ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு சுபாவம் கொடுத்தது. எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சரீரம்."

எங்களில் பேசாதவர் பிச்சை அண்ணன் ஒருவர்தான். கேட்டதற்கு 'ம்' என்பார். சண்டைக்கும் வரமாட்டார், சிரிப்புக்கும் வரமாட்டார். கத்துகிற ஆளை எதில் சேர்ப்பது என்று எல்லாருக்கும் தெரியும். பேசாத ஆள் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று அவனவன் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்வான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் நாங்கள் யூனியனில் சேருவதாக இருந்தோம். முன்னால் நின்றவன் பாண்டியராஜ். பெசகாவுக்கு இரண்டு நாள் முன்பு முனைச் சாயாக்கடையில் உட்கார்ந்து பேசினோம். மறுநாள் காலையில் முதலாளி பாண்டியராஜைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். எவனோ முதலாளியிடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று ஒவ்வொருத்தனும் மற்றவன் முகத்தைப் பார்த்தான். அந்தச் சாயாக்கடை ஔசேப்பு முதலாளியின் இடத்தில்தான் இருந்தது. அதை யோசிக்க மற்ற ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நான் சொன்னேன். "கடைக்காரச் சேட்டன் நல்லவர், கடன் குடுக்குறாரு" என்றார்கள்.

இந்த நிலைமையில் பெசகா வந்தது. கால் கழுவி முடிந்ததும் முதலாளி வேதம் வாசித்தார். கூட இருந்தே காட்டிக் கொடுக்கப்போகிறவன் யார் என்று சீடர்கள் கேட்கிறார்கள். நான் அப்பத்தைத் தோய்த்து எவன் கையில் கொடுக்கிறேனோ அவன்தான் என்று ஏசு சொல்லி யூதாஸ் கையில் கொடுக்கிறார். மலையாளம் அதற்குள் எங்களுக்கு நன்றாகவே புரியும். புத்தகத்தை மூடிவிட்டு முதலாளி அப்பத்தை வெட்டினார். ஒரு துண்டை எடுத்துச் சர்க்கரைப் பாலில் தோய்த்தார். நேராக வந்து பிச்சை அண்ணன் கையில் வைத்தார்.

பெஞ்சில் எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது. சுப்புராஜ் என் தொடையில் கிள்ளினான்.

வயதில் மூத்தவனுக்கு முதல் துண்டு என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் எங்களில் மூத்தவர் பிச்சை அண்ணன். இதை வெளியே வந்ததும் சொன்னேன்.

"போன வருசம் மூத்த ஆளு வெங்கிட்டுக்குத்தானடா மொதத் துண்டு குடுத்தாரு?"

"அப்ப போன வருசம் வெங்கிட்டு சொல்லிக் குடுத்திருப்பான்" என்றான் சுப்புராஜ். "அவன் ஊருக்குப் போயிட்டான். எடத்த இந்த ஆளு புடிச்சுக்கிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். பிச்சை அண்ணன் கைகழுவிவிட்டு வந்து நின்றார். "என்னண்ணே, அப்பம் இனிச்சுதா?" என்று கேட்டான் சுப்புராஜ். அவர் "ம்" என்றார். அதோடு முடிந்தது அவர் கதை.

மூட்டை சுமக்கிறவன் தானாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி விடவேண்டும். அவன் குனிந்து சும்மாட்டில் வாங்கிக்கொள்வான். ஈஸ்டர் முடிந்து வேலை தொடங்கியபோது பிச்சை அண்ணன் மூட்டைக்கு ஆள் வரவில்லை. ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனை தரையில் கிடந்தது. அவர் குனிந்தபடியே நின்றார். கூப்பிடவும் இல்லை, நிமிரவும் இல்லை.

உள்ளே சுக்கு தரம் பிரிக்கிற அங்கம்மாள் பார்த்துவிட்டு எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"பாருங்கடா, யூதாசுக்குப் பொம்பள மூட்ட தூக்கிவிடுறா" என்றான் சுப்புராஜ். "அவரு பொண்டாட்டி பாக்கியலக்ஷ்மிக்குத் தெரியுமா அங்கம்மா?"

அடுத்த மூட்டைக்கு அவள் வரவில்லை. பிறகு பிச்சை அண்ணன் மூட்டையைத் தரையோடு இழுத்தார். சாக்கு கிழிந்து சுக்கு கொட்டியது. மேஸ்திரி பார்த்து, இந்தக் கிழவனால் இனி ஆகாது என்றான். அந்த வயதில் இங்கே வேலை போனால் பஜாரில் வேறு எவனும் சேர்க்கமாட்டான். கிடங்குக்குப் பின்னால் முதலாளி கொடுத்த அறையில்தான் அவரும் பாக்கியலக்ஷ்மியும் குடியிருந்தார்கள். வேலை போனால் கூரையும் போகும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் மூட்டையை விட்டு விலகி நின்றார்கள்.

நான் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு வந்ததை அடக்கினார் என்று எனக்குப் பட்டது. சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பிச்சை என்னோடு ஒண்ணும் பறஞ்சிட்டில்லா. அவன் பாவமாணு. நிங்கள் தம்மில் ஸ்நேகமாய் இருக்கணும்."

வாசலைத் தாண்டியதும் சுப்புராஜ் ஆரம்பித்தான். "கேட்டீங்களா? பிச்ச ஒண்ணும் சொல்லலையாம், அப்பாவியாம். நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னாரா? காளிமுத்து ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னாரா? இந்த ஆளுக்கு மட்டும் எதுக்குய்யா சாட்சி சொல்றாரு?"

சந்தேகம் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அதோடு தீர்ந்தது. இப்படித்தான் ஆகும் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். யூனியன் பேச்சு நின்று போயிருந்தது. எங்கள் கோபமெல்லாம் ஒரு கிழவன் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பிச்சை அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவித்த கப்பைக்கிழங்கைப் பிட்டு வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஒண்ணும் யோசிக்காதீங்கண்ணே. ஞாயித்துக்கெழம நான் கலூருக்குப் போறேன். அங்க பாண்டியராஜ் யூனியன்காரர் ஒருத்தரப் பேசி வச்சிருக்கான். நம்ம கெடங்குல யூனியன் கொடி ஏறிட்டா உங்கள எவனும் அனுப்ப முடியாது."

"ம்" என்றார்.

நான் கலூருக்குப் போய் வந்த அடுத்த வாரம் கிடங்கு வாசலில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் பிச்சை அண்ணன் உட்கார்ந்திருந்தார். சும்மாடு இல்லை, தோளில் சலவைத் துண்டு. முதலாளி அவரிடம் பேசியதை அங்கம்மாள் உள்ளேயிருந்து கேட்டு என்னிடம் சொன்னாள்.

"இவங்களோட இனி ஒன்னால வேல செய்ய முடியாது, சும்மா இருக்கிறவனுக்கு வீடு கொடுக்கவும் முடியாது, இங்க உக்காந்து கேக்கறதையும் பாக்கறதையும் எங்கிட்ட பறயணும்னாரு. யூதாஸ்ங்கற பேரு எப்படியும் கெடச்சாச்சு, வேலையாவது இருக்கட்டும்னாரு. அந்த ஆளு சும்மாட்ட அவுத்து வச்சுட்டுப் போய் உக்காந்துட்டாரு."

"அண்ணன் ஒண்ணும் பேசலியா?"

"பேசுனாரு. கொரல் தாழ்ந்துபோச்சு, எனக்குக் கேக்கல."

அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குக் கேட்டமாதிரிதான் இருந்தது. பிற்பகலில் முதலாளி கூப்பிட்டார். கலூருக்கு எதற்குப் போனாய் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எனக்கும் கணக்குத் தீர்த்தார்கள். அறையை விட்டு வெளியே வரும்போது, "விசுவாசம் இல்லாத்தவன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கிழவனை அடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். பிச்சை அண்ணன் எழுந்து நின்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏதாவது ஒண்ணு சொன்னாத்தான் நாற்காலின்னாரு தம்பி. யாரப் பத்திச் சொல்லுவேன்? மத்தவன் எவனும் எங்கிட்டப் பேசல. எனக்குத் தெரிஞ்சது உன்னப் பத்தி மட்டுந்தான்."

பையைத் தோளில் மாற்றிப் போட்டேன்.

தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது சுப்புராஜ் முனைக் கடையிலிருந்து ஒரு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். சிந்தாமல் நாற்காலிக்கு முன்னால் நீட்டினான்.

"சாயா குடிங்கண்ணாச்சி, ஆறிரும்."

பிச்சை அண்ணன் வாங்கிக் குடித்தார். கிளாஸ் காலியாகும் வரை சுப்புராஜ் அங்கேயே நின்றான்.